நெய்தல் நிலத்துப் புலம்பல்: இளையோரும் கடின நூல்களும்

வாலிபருக்கு எத்தகைய நூல்களைக் கொடுக்கலாம் என்னும் வினா ஆயர்களிடம் அடிக்கடி எழுப்பப்படுகிறது. பெரும்பாலும் அது வேறொரு வினாவின் வடிவிலேயே வருகிறது: எத்தகைய நூல்களைக் கொடுக்கலாகாது? பசியும் வன்முறையும் சாதிக்கொடுமையும் பெண்ணுக்கு இழைக்கப்படும் மானக்கேடும் ஒளிவுமறைவின்றி எழுதப்பட்ட கதைகள் இளம் உள்ளத்தைக் கலக்கும், விசுவாசத்தைத் தளர்த்தும், ஆகவே அவை விலக்கத்தக்கன என்பது நம் சபைகளில் வழங்கிவரும் பொது முடிபு. இம்முடிபை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பொதுப்படப் பேசுவதைத் தவிர்த்து, ஒரு நிலப்பகுதியையும், அந்நிலத்து வாழ்வுக்கு அணுக்கமான சில தமிழ்ப் புதினங்களையும் முன்வைத்து இதனை ஆராய விரும்புகிறோம்.

1. நிலமும் அதன் உரிப்பொருளும்

புதுச்சேரிக்கு வடக்கே, அந்நகரை ஒட்டியவாறே அமைந்துள்ளது கோட்டக்குப்பம். இசுலாமியர் பெருந்தொகையினராக வாழும் ஊர் இது. இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கி ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் சென்றால் மரக்காணத்து உப்பளங்களை அடைகிறோம். இடையே மீனவர் குப்பங்கள், சவுக்குத் தோப்புகள், கழிவெளி ஏரியின் பரந்த நீர்நிலம். உப்பளத்திலோ உவர்நீரைப் பாத்திகளில் தேக்கி வெயிலில் காயவிடுவர். நீர் வற்ற உப்பு பூக்கும். வாருபலகையால் அதனை இழுத்துச் சேர்த்து, சுமந்து, வரப்பிற் குவிப்பர். ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பிக்கும் இவ்வேலை வடகிழக்குப் பருவமழையோடு நின்றுபோகும். வெயில் கொளுத்தும் நாளெல்லாம் வேலை. மழை பெய்யும் நாளெல்லாம் வறுமை. பிறருக்கு வாழ்வளிக்கும் மழை இம்மக்களின் அடுப்பை அணைக்கிறது.

இவ்வுப்பு நேற்றுத் தோன்றியதன்று. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பர் ஆய்வாளர். உப்பை வண்டியேற்றி உள்நாட்டிற்குக் கொண்டுசென்ற உமணரைச் சங்கப் பாடல்கள் பலவாறு போற்றுகின்றன. அம்மரபே நெய்தல் நிலத்திற்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்தது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். பிரிந்த தலைவனை எண்ணித் தலைவி இரங்குவதே அங்குப் பொருள் என்பது உண்மையே. ஆயினும் கடற்கரைக்கும் புலம்பலுக்கும் உள்ள உறவை நம் முன்னோர் இலக்கணத்திலேயே பதித்து வைத்தனர். மேலும், அழுகை என்னும் மெய்ப்பாடு எதனால் பிறக்கிறது என்று கூறவந்த தொல்காப்பியர், இழிவுபடுத்தப்படுதல், இழத்தல், நிலைகுலைதல், வறுமை என நான்கு நிலைக்களன்களைக் காட்டுகிறார். இழப்பால் மட்டுமே மனிதன் அழுகிறான் என்று அவர் எண்ணவில்லை. அவமதிப்பும் வறுமையும்கூட அழுகைக்குக் காரணங்களே என்று கண்டார்.

இந்நான்கும் இக்கடற்கரையில் அண்மைக் காலத்தில் நிகழ்ந்தவையே. 2004 திசம்பரில் ஆழிப்பேரலை. 2011 திசம்பரில் ‘தானே’ புயல். 2013 ஏப்ரலில் மரக்காணத்தில் மூண்டு குடிசைகளை எரித்த சாதிக் கலவரம். 2023 மே மாதத்தில் எக்கியார்குப்பத்தில் பத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட நச்சுச் சாராயம். 2024 நவம்பர் இறுதியில் ‘ஃபெஞ்சல்’ புயல். இந்நிலத்தில் வளரும் பிள்ளை துயரத்தை முதன்முதலாக ஏதோ ஒரு நூலில் சந்திக்கப் போவதில்லை. அவன் வீட்டு வாசலிலேயே அது நிற்கிறது. எனவே துன்பத்தை அவனிடமிருந்து மறைக்கலாமா என்னும் கேள்விக்கே இங்கு இடமில்லை. கண்ட துன்பத்தைப் பேசுவதற்கு அவனுக்கு மொழி தருகிறோமா என்பதே கேள்வி.

2. ‘கரிப்பு மணிகள்’

உப்பளத் தொழிலாளர் வாழ்வைத் தமிழ்ப் புதினத்தின் நடுப்பொருளாக்கியவர் இராஜம் கிருஷ்ணன் (1925–2014). ‘கரிப்பு மணிகள்’ 1979இல் வெளிவந்தது. களம் மரக்காணமன்று, தூத்துக்குடி. எழுதுமுன் அம்மக்களிடையே நேரிற் சென்று, கண்டும் கேட்டும் செய்திகளைத் திரட்டுவது இவ்வாசிரியரின் வழக்கம். இப்புதினமும் அவ்வாறே உருவானது. கண்ணைக் கூசச்செய்யும் வெண்பரப்பும், உவர்நீரில் ஊறிப் புண்படும் கால்களும், குடிநீருக்குப் படும் பாடும், கங்காணியின் அதிகாரமும் இதில் ஒன்றன்பின் ஒன்றாக விரிகின்றன. பள்ளியில் இருக்கவேண்டிய வயதினரும் அளத்தில் நிற்கின்றனர். இளம்பெண் பொன்னாச்சி, வறுமை காரணமாகத் தம்பியோடு அளத்து வேலைக்கு வருகிறாள். அங்கே கங்காணியால் அவளுக்கு இழைக்கப்படும் கொடுமையே வாசகனை உலுக்கும் பகுதி.

இலக்கிய நோக்கில் இந்நூலுக்குக் குறைகள் உள. திரட்டிய செய்திகள் சில இடங்களில் கதையின் ஓட்டத்தைத் தடுக்கின்றன. பாத்திரங்கள் பேசவேண்டிய இடத்தில் ஆசிரியரே பேசுவதாகத் தோன்றும் பகுதிகளும் உண்டு. நல்லோர் மிக நல்லோராகவும் தீயோர் மிகத் தீயோராகவும் அமைந்துவிடும் போக்கையும் மறுக்கவியலாது. இக்குறைகளை இளைஞருக்கு மறைக்க வேண்டியதில்லை. ஒரு நூலை நேசித்துக்கொண்டே அதன் குறைகளைச் சொல்லும் பழக்கம் வாசகனுக்கு வேண்டிய முதற்பயிற்சி.

ஆயினும் இந்நூல் இளைஞனுக்குத் தரும் நன்மை பெரிது. பொன்னாச்சியின் துன்பம் ஒரு தனிப்பெண்ணின் தலைவிதி என்று ஆசிரியர் நம்மை நம்பவிடவில்லை. கூலி முறை, கங்காணி முறை, கடன், பெண்ணைக் குறித்த ஊராரின் பேச்சு ஆகிய யாவும் சேர்ந்து அவளை அந்த இடத்திற் கொண்டுவந்து நிறுத்துகின்றன. வாசிக்கும் இளைஞன் முதலில் அழுகிறான். பின்பு, ஏன் இவ்வாறு நேர்ந்தது என்று கேட்கிறான். அழுகையிலிருந்து கேள்விக்குச் செல்லும் இந்த நகர்வே கடின நூலின் முதற்பயன். உருக்கமான துணுக்குக் கதைகளும் கண்ணீர் வரவழைக்கும். ஆனால் கதை முடியும்போதே கண்ணீரும் முடிந்துவிடும்.

இன்னொன்றையும் கருத வேண்டும். மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் தம் சீடரைப் பூமிக்கு உப்பென்று அழைத்ததை எடுத்துரைக்காத ஆயர் நம்மிடையே இலர். உப்பின் சுவையையும், கெடாமற் காக்கும் அதன் தன்மையையும் விரிவாகப் பேசுகிறோம். அவ்வுப்பை வாரியெடுத்த கைகளைப் பற்றி எத்தனை அருளுரைகளிற் பேசினோம்? ‘கரிப்பு மணிகள்’ படித்த ஒரு வாலிபன் அருளுரை கேட்க அமர்ந்திருப்பானாயின், அவன் உள்ளத்தில் அக்கேள்வி எழும். அக்கேள்வி விசுவாசத்திற்கு விரோதமன்று. திருமறை வசனத்தை அவன் முன்னிலும் ஆழமாகக் கேட்கத் தொடங்கிவிட்டான் என்பதற்கு அதுவே அடையாளம்.

3. தம்மவரைத் தாமே நோக்கும் நூல்கள்

இராஜம் கிருஷ்ணன் வெளியிலிருந்து வந்து அம்மக்களைக் கண்டவர். தம் சமூகத்தின் உள்ளேயிருந்து, தம்மவரின் புண்ணைத் தாமே திறந்துகாட்டிய எழுத்தாளரும் நம் மொழியில் உளர். இவர்களை வாசிப்பது இன்னும் கடினமானது, இன்னும் பயனுடையது.

தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’ 1988இல் நூலாயிற்று. தென்கோடிக் கடற்கரையில் வாழும் இசுலாமியச் சமூகத்தின் கதை அது. ஊரின் செல்வர் ஒருவரின் குலப்பெருமையும், ஆங்கிலப் பள்ளியை எதிர்க்கும் பிடிவாதமும், சமயப் போர்வையில் நடக்கும் ஏமாற்றும், எளியோர் படும் துன்பமும் அதில் அஞ்சாது சொல்லப்படுகின்றன. சொல்பவர் அச்சமூகத்தின் மகன். அவர் மொழியில் கோபமுண்டு, வெறுப்பில்லை. கண்டிக்கும்போதே அம்மக்களின் பேச்சையும் பழக்கத்தையும் அவர் எத்துணை அன்போடு பதிவு செய்கிறார் என்பதை வாசிப்போர் உணர்வர்.

கோட்டக்குப்பம் போன்ற ஊர்களில் ஊழியம் செய்வோர் இங்கு மிகவும் விழிப்பாயிருத்தல் வேண்டும். அண்டை வீட்டாரின் குறையைக் கண்டு மகிழ்வதற்காக நம் வாலிபன் இந்நூலைப் படிப்பானாயின், அவன் அதனைப் படிக்கவே இல்லை என்போம். ஒரு சமூகத்தின் மகன் தன் சமூகத்தின் பாவத்தை எவ்வாறு அறிக்கை செய்கிறான் என்று கற்பதற்காகப் படிப்பானாயின், அடுத்து அவன் கை நீளவேண்டியது நம் சபையைப் பற்றிய நூல்களின் மேல்.

அத்தகைய நூல்களுக்கும் குறைவில்லை. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. கன்னியர் மடத்தில் வாழ்ந்து வெளியேறிய ஒரு தலித் பெண்ணின் தன்வரலாற்றுப் புதினம் அது. திருச்சபைக்குள்ளே சாதி எவ்வாறு வேரூன்றி நிற்கிறது என்பதை அதுபோல் எரியும் சொற்களில் எழுதியோர் சிலரே. இது ரோமைத் திருச்சபையின் குறையன்றோ என்று சீர்திருத்தச் சபையார் ஆறுதல் கொள்ளலாகாது. சபைக்குள் சாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்று கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் 1833இல் சுற்றுமடல் எழுத நேர்ந்தது நம் சபைகளை நோக்கியே. தஞ்சை சபையில் அதன் பொருட்டு எழுந்த பிணக்குகளை இறையியல் மாணவர் அறிவர். இரண்டு நூற்றாண்டுகளை நெருங்கும் இன்றும் அம்மடலின் வேண்டுகோள் முற்றிலும் நிறைவேறிவிட்டதென எந்த ஆயரும் நெஞ்சிற் கைவைத்துக் கூறவியலாது.

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) இவற்றுள் மிகக் கடினமானது. ஆரோக்கியம் என்னும் கிறிஸ்தவப் பெண், தாழ்த்தப்பட்டோரின் துணி வெளுக்கும் குடியைச் சேர்ந்தவள். ஒடுக்கப்பட்டோராலேயே ஒடுக்கப்படும் நிலை அவளுடையது. தலித் மக்களிடையே உள்ள ஏற்றத்தாழ்வை வெளிப்படுத்திவிட்டது என்று இந்நூலைக் கண்டித்தோரும் உண்டு. எளிதில் ஒதுக்கத்தக்க கண்டனமன்று அது. ஒடுக்குவோர் கையில் இந்நூல் ஒரு சாக்காகப் பயன்படக்கூடும் என்னும் அச்சம் நியாயமானதே. ஆயினும் ஆரோக்கியத்தின் குரலை அடக்கிவிட்டு நாம் பெறும் ஒற்றுமை எத்தகைய ஒற்றுமை? அவளுடைய மகள் மேரிக்கு நேரும் கொடுமையை அத்தாய் எவரிடமும் முறையிட இயலாமல் தன்னுள்ளே புதைத்துக்கொள்ளும் பகுதியை வாசித்தவர் அவ்வளவு எளிதில் உறங்கமாட்டார்.

இந்நூல்களில் நல்லோர், தீயோர் என்று இரு வரிசை இல்லை. துன்புறுவோர் துன்புறுத்துவோராகவும் இருக்கின்றனர். அன்புக்குரியோர் குற்றவாளிகளாகவும் இருக்கின்றனர். இளைஞன் கற்பது இதுவே: தன் சொந்த மக்களின் துயரத்தையும் குற்றத்தையும் ஒருங்கே நெஞ்சில் தாங்குதல், தாங்கிக்கொண்டே அவர்களைக் கைவிடாதிருத்தல். எரேமியாவும் ஆமோசும் செய்த ஊழியம் இதுதானே? தம் மக்களைக் கண்டித்த வாயாலேயே அவர்களுக்காகப் புலம்பியவர் எரேமியா. கண்டிக்க மட்டும் தெரிந்தவன் தன் ஊரை வெறுத்து ஓடிவிடுகிறான். புலம்ப மட்டும் தெரிந்தவன் குற்றத்தைக் காண மறுக்கிறான். இவ்விரண்டையும் ஒரே நெஞ்சில் வைக்கும் பயிற்சியை இனிப்பான நூல்களாற் கொடுக்க முடியாது. இதுவே கடின நூலின் தலையாய பயன் என்று கருதுகிறோம்.

4. நாம் தாண்டிச் செல்லும் பக்கங்கள்

துன்பக் கதைகள் விசுவாசத்தைத் தளர்த்தும் என்போர், முதலில் திருமறையையே இளைஞரிடமிருந்து விலக்க வேண்டியிருக்கும். யெப்தாவின் மகள், கிபியாவில் லேவியனின் மறுமனையாட்டி, அம்னோனால் கெடுக்கப்பட்ட தாமார் ஆகியோரின் வரலாறுகள் ஓய்வுநாள் பாடசாலைப் பாடத்திட்டத்தில் இடம்பெறுவது அரிது. சிறுபிள்ளைகளுக்கு அவை ஏற்றவையல்ல என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அச்சிறுபிள்ளை வாலிபனாகி, திருமணமாகி, சபையின் மூப்பனாகும்வரையிலும் அப்பக்கங்கள் வாசிக்கப்படுவதில்லை. கெடுக்கப்பட்ட தாமாரை மௌனமாயிருக்கும்படி சொன்னவன் அவள்மீது அன்புகொண்ட சகோதரன் அப்சலோமே. ஆரோக்கியம் தன் மகளின் துயரைப் புதைத்ததும் இம்மௌனத்தின் மறுவடிவே. திருமறை ஆசிரியரோ மௌனமாயிருக்கவில்லை. அவளுடைய அழுகுரலை ஏட்டில் எழுதிவைத்தார்.

எண்பத்தெட்டாம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. புலம்பல் ஆகமம் விடை பெறாத வினாவோடு நிற்கிறது. யோபுவின் நண்பர் மூவரும் பேசிய பக்தியான ஆறுதல் மொழிகளைத் தேவன் ஏற்றுக்கொள்ளவில்லை; கசந்து முறையிட்ட யோபுவே சரியானதைப் பேசினான் என்று தீர்ப்பளித்தார். இளைஞருக்கு ஆறுதல் நூல்களை மட்டுமே தேடித்தேடிக் கொடுக்கும் நாம், அறியாமலே அந்நண்பர்களின் வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும்.

நம் முன்னோர் இவ்வளவு அச்சங் கொண்டவரல்லர். ‘மோட்ச பிரயாணம்’ தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் கிறிஸ்தவப் பிள்ளைகளின் கையில் இருந்தது. பனியனின் அந்நூலைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) பாடினார். அக்கதையில் உண்மையுள்ள தோழன் பொய்வழக்கில் தண்டிக்கப்பட்டு எரிக்கப்படுகிறான். ஐயத்தின் கோட்டையில் அடைபட்ட பயணி, உயிரை மாய்த்துக்கொள்ளும்படி தூண்டப்படுகிறான். இவற்றைப் படித்து வளர்ந்தோர் விசுவாசம் இழக்கவில்லை. விசுவாசப் பாதையில் சேறும் சிறையும் உண்டு என்று முன்னரே அறிந்து புறப்பட்டனர்.

5. இரு மறுப்புகள்

முதல் மறுப்பு, பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்தை மேற்கோள் காட்டி வருவது. கற்புள்ளவற்றையும் அன்புள்ளவற்றையும் சிந்திக்கும்படி பவுல் கூறவில்லையா என்பர். கூறினார். ஆயின் அப்பட்டியலின் தலையில் நிற்பது உண்மை. நீதியும் அதில் இடம்பெறுகிறது. உண்மையை நீக்கிய தூய்மையை அப்போஸ்தலன் அறியார். அவரே சிறையிலிருந்து அம்மடலை எழுதினார் என்பதையும் மறக்கலாகாது.

இரண்டாம் மறுப்பு இதனினும் வலியது. உப்பளத்திற் காய்ந்து வீடு திரும்பும் தாயின் மகனுக்கு உப்பளக் கதை எதற்கு? துயரத்தை அன்றாடம் உண்பவனுக்கு நூலிலும் துயரமா? அவனுக்குச் சிரிப்பும் கனவும் வேண்டாவா? வேண்டும். மகிழ்ச்சியான நூல்களை அவனுக்கு மறுப்பது கொடுமை. ஏழையின் பிள்ளை ஏழ்மையைப் பற்றியே படிக்கவேண்டும் என்று விதிக்க நமக்கு உரிமையில்லை. ஆயினும் ஒன்று சொல்வோம். துன்பத்தில் வாழ்வது வேறு. அத்துன்பத்தைக் கண்ணெதிரே நிறுத்திக் காண்பது வேறு. தன் தாயின் வெடித்த பாதங்களை நாள்தோறும் கண்டவன், அவை அச்சேறிய ஒரு நூலிலே மதிப்போடு விவரிக்கப்படுவதைக் காணும்போது, தன் வீட்டு வாழ்வும் எழுதத்தக்கது, கேட்கத்தக்கது என்று அறிகிறான். வெட்கத்தின் பிடி சற்றே தளர்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளையோ, தன் உணவில் கலந்துள்ள உப்பு எங்கிருந்து வந்ததென்று அறிகிறான். ஒரே வாலிபர் கூட்டத்தில் இவ்விருவரும் அருகருகே அமர்ந்து ஒரே நூலை வாசிப்பார்களாயின், சபை என்னும் சொல்லுக்கு அங்கே ஒரு பொருள் பிறக்கும்.

கடினமானவை யாவும் நல்லவை என்று நாம் கூறவில்லை. துன்பத்தைக் காட்சிப் பொருளாக்கி விற்கும் எழுத்தும் உண்டு. பெண்ணின் அவமானத்தை விவரிக்கும் சாக்கில் வாசகனின் கீழான ஆவலைத் தூண்டுவதும் உண்டு. துன்புறுபவரின் முகம் நினைவில் நிற்கிறதா, கொடுமையின் கிளர்ச்சி மட்டும் நிற்கிறதா என்று கேட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். அந்நூலை மூடியபின் அண்டையரை அணுக மனம் வருகிறதா, ஒதுங்க மனம் வருகிறதா என்பது இன்னொரு சோதனை.

6. ஆயரின் பொறுப்பு

நூலைக் கையிற் கொடுத்துவிட்டு ஆயர் அகன்றுவிடலாகாது. சிலவற்றை மட்டும் குறிப்போம்.

முதலாவது, ஆயர் தாமே முன்னதாக முழுவதும் வாசித்திருக்க வேண்டும். இரண்டாவது, நூலில் வரும் கொடுமை எத்தகையது என்று முன்கூட்டியே சொல்லவேண்டும். அத்துன்பத்தைத் தன் உடலிலேயே அறிந்த ஒரு பிள்ளை அக்கூட்டத்தில் இருக்கக்கூடும். நூலை மூடி வைக்கவும், எழுந்து செல்லவும், காரணம் சொல்லாதிருக்கவும் எவருக்கும் உரிமையுண்டு. மூன்றாவது, வாசித்து முடித்தவுடன் நீதிபோதனை கூறி வாயடைத்தல் கூடாது. மௌனத்திற்கும், பின்பு கேள்விக்கும் நேரம் விட வேண்டும். விடை தெரியாத இடத்தில் சங்கீதக்காரனோடு சேர்ந்து முறையிட்டு ஜெபிப்பதே போதுமானது.

நான்காவது, மிகமிக முக்கியமானது. இத்தகைய வாசிப்பு சில வேளைகளில் பூட்டிய வாயைத் திறக்கும். பிள்ளையொன்று தனக்கு நேர்ந்த கொடுமையை ஆயரிடம் வந்து சொல்லலாம். அப்போது குடும்ப மானம், சபையின் பெயர் என்று கூறி அப்சலோமைப் போல அடக்கிவிடுதல் பாவம். நாட்டின் சட்டப்படி குற்றமுமாகும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம், அத்தகைய குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது. ஆயருக்கு இதில் விலக்கில்லை. குழந்தைகள் உதவி எண் 1098 ஒவ்வோர் ஆயரும் அறிந்திருக்க வேண்டியது. அப்பிள்ளையின் சொல்லைக் கேட்டு உடன்நிற்க ஆயத்தமில்லாத ஆயர், கடின நூல்களை வாலிபரிடம் கொடாதிருப்பதே நன்று.

இறையியற் கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய ஏற்பாட்டு வகுப்பில் புலம்பல் ஆகமம் கற்பிக்கப்படும்போது, ‘கோவேறு கழுதைகள்’ மாணவர் மேசையில் இருக்கட்டும். அருளுரைக் கலை பயிற்றும் ஆசிரியர், உப்பைப் பற்றி அருளுரை எழுதும்படி பணிக்குமுன் ‘கரிப்பு மணிகள்’ நாவலை வாசிக்கச் செய்யட்டும். கடற்கரைச் சபைகளுக்கு அனுப்பப்படும் இளம் ஆயர், தம் அண்டையரின் துயரையும் தம்மவரின் குற்றத்தையும் அறிந்தவராய்ச் செல்லட்டும். அழுகிறவரோடு அழவேண்டும் என்பது அப்போஸ்தலனின் கட்டளை. எதற்காக அழுகிறார்கள் என்று அறியாமல் அவர்களோடு அழுவது எங்ஙனம்?